வயதான ஆங்கஸ் பசுக்களுக்குக் கண்காட்சிக் கன்று எடுக்கக் காளை: மூன்றுக்கும் ஒரே காளை சரியா?

புல்வெளி · 2 பிப்ரவரி 2023, காலை

இடம் மிசூரியின் வடபகுதி. கறுப்பு ஆங்கஸ் பசு மூன்று, மூன்றுக்கும் பதிவு உண்டு.

முதல் பசு 13 வயது. வம்சாவளியில் என் பார் எமுலேஷன் ஈஎக்ஸ்டி என்ற காளை இரண்டு இடத்தில் வருகிறது. மடி இன்னும் கட்டு விடவில்லை, குளம்பில் குறை இல்லை. கன்று போட்ட வாரத்தில் மட்டும் யாரையும் கிட்டே விடாது. ஜனவரி 10-ல் ஈன்றது.

இரண்டாவது 12 வயது. நல்ல பால், விலா ஆழம். முன்கால் குளம்பில் இரண்டு நகமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. இதன் அம்மாயிக்கு அப்பன் ஜிஏஆர் பிரிசிஷன் 1680. ஜனவரி 22-ல் ஈன்றது.

மூன்றாவது 11 வயது. உயரம் ஜாஸ்தி, உயரத்தை வைத்துத் தரும் சட்டக மதிப்பு 7. பின்னங்கால் கம்பு நட்ட மாதிரி நேராக நிற்கிறது. முன்காம்பு இரண்டும் பருத்துவிட்டன. நேற்றுத்தான் ஈன்றது.

ஜூனியர் கண்காட்சிக்கு இரண்டு கிடேரி வேண்டும். மூன்றாவது, காயடித்த கன்றாக இருந்தாலும் போதும். லூயிவில் கண்காட்சியில் பட்டம் வாங்கிய ஒரு காளையின் விந்துக் குச்சி கிடைக்கிறது. மூன்றுக்கும் அதையே போடலாம் என்று நினைக்கிறேன். தப்பா?

ஆறாம்ஈத்து · 2 பிப்ரவரி, மதியம்

தப்பு. மூன்று பசுவுக்கும் குறை வேறு வேறு. ஒரே காளை மூன்றையும் திருத்தாது.

வயதான பசுவில் ஒரு வசதி உண்டு. இரண்டு வயதுக் கிடேரிக்குக் காளை பார்க்கும்போது பாதி ஊகம். மடி எப்படி இறங்கும், எட்டாவது ஈத்தில் குளம்பு எப்படி நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 13 வயதுப் பசு எல்லாவற்றையும் கண்ணெதிரே காட்டிவிட்டது. அதனால் காளைப் பட்டியலைத் திறக்கும் முன் பசுவின் குறையை எழுதுங்கள், பசுவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்தக் குறையில் தெளிவாக நல்ல காளை எது என்று தேடினால் பட்டியல் தானாகச் சுருங்கும். குறை நான்கு ஐந்து என்று நீண்டால் அந்தப் பசுவிலிருந்து கண்காட்சிக் கன்று எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. நேர்க்கால் பசுவுக்கு அரிவாள்கால் காளை போட்டால் கன்று நடுவில் வந்து நிற்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி வருவதில்லை. ஒரு கன்று தாய் பக்கம் போகும், அடுத்தது அப்பன் பக்கம் போகும், மூன்றாவது முட்டி ஒரு மாதிரியும் கணுக்கால் வேறு மாதிரியுமாக இரண்டின் கோளாறையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எதிர்க்குறை உள்ள காளை வேண்டாம், அந்த இடத்தில் சரியாக இருக்கும் காளை வேண்டும்.

ஆறாம்ஈத்து · 2 பிப்ரவரி, இரவு

மதியம் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

பட்டம் வாங்கிய காளை என்றால் அன்றைக்கு அந்த வளையத்தில், முடி வெட்டி, சீவி, பசை தடவி, குளம்பு செதுக்கி நின்றபோது அது நன்றாக இருந்தது என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டிய விவரம் நான்கு. அதன் தாய் இப்போது எத்தனையாவது ஈத்து, மடி எப்படி இருக்கிறது. மகள்களில் ஐந்து வயது தாண்டியவை உண்டா. குளம்பு செதுக்குவதற்கு முன் எடுத்த படம் உண்டா. அலங்காரம் இல்லாமல் கடினத் தரையில் நடக்கும் காணொளி உண்டா. நின்ற படத்தில் எந்தக் காளையும் நல்ல காளைதான். நடக்கும்போது பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் விழுகிறதா, அதற்கு ஒரு சாண் பின்னாலேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். பின்னால் நின்றுவிட்டால் பின்னங்கால் நேராக இருக்கிறது, அல்லது தோள் நிமிர்ந்து இறுகிக் கிடக்கிறது. உங்கள் மூன்றாவது பசுவுக்கு அது ஆகவே ஆகாது.

ஊசிமருத்துவர் · 3 பிப்ரவரி

காளை பேச்சுக்கு முன்னால் மூன்று பசுவின் வால் முடியையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள், தம்பி. வாலின் நுனிக் குஞ்சத்திலிருந்து 20 முதல் 30 முடி, வேரோடு. கத்தரித்த முடி பயன்படாது, மரபணு இருப்பது வேர்க்குமிழில். முடி ஈரமாக இருந்தால் காயவிட்டு உறையில் போடுங்கள். காதுத் துணுக்கும் அனுப்பலாம்.

ஏன் அவசரம் என்றால், உங்கள் பசுக்கள் பிறந்தது இந்த இனத்தில் குறைமரபணுச் சோதனைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில். ஏஎம் என்ற வளைகன்று நோய் 2008 கடைசியில் வெளியே தெரிந்தது. முதுகும் காலும் முறுக்கிக்கொண்டு கன்று செத்தே பிறக்கும். அடுத்து என்ஹெச். தலையில் நீர் கோத்து மூளையே உருவாகாமல் பிறக்கும். அதன்பின் சிஏ. இது பெரும்பாலும் உயிரை எடுக்காது, ஆனால் கன்று மான்குட்டி மாதிரி ஒல்லியாக, மூட்டு இறுகி, எழுந்து நிற்கவே திணறும். டிடி 2013-ல் வந்தது, கூடுதல் கால் முளைத்த கன்று. நான்குமே தாய், தகப்பன் இரண்டு பக்கமும் சுமந்தால்தான் வெளிப்படும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மாட்டைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

பிரிசிஷன் 1680 ஏஎம் சுமந்த காளை. இரண்டாவது பசுவிடம் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

கொட்டகை · 3 பிப்ரவரி

அக்கா, கணக்கில் ஒரு தலைமுறை விட்டுப்போயிற்று. காளை பசுவின் அம்மாயிக்கு அப்பன். அம்மாயிக்கு 1/2, தாய்க்கு 1/4, பசுவுக்கு 1/8. மற்ற பக்கம் எல்லாம் சுத்தம் என்றால்தான் இதுவும்.

ஊசிமருத்துவர் · 3 பிப்ரவரி

சரிதான், 1/8. சுமக்கும் காளையைப் போட்டால் பாதிக்கப்பட்ட கன்று வர 1/8-ல் நாலில் ஒரு பங்கு, 32-க்கு ஒன்று. சுத்தமான காளை போட்டால் பாதிக்கப்பட்ட கன்றே வராது, ஆனால் சுமக்கும் கன்று வரலாம். 32-க்கு ஒன்று சின்ன எண்தானே என்று விடாதீர்கள். 12 வயதுப் பசுவுக்கு இனி இரண்டு மூன்று ஈத்து இருந்தால் அதிகம். அதில் ஒன்றை வளைகன்றுக்குக் கொடுக்க முடியாது. முறுக்கிய கன்று வெளியே வராமல் சிக்கினால் பசுவும் போகலாம்.

புல்வெளி · 4 பிப்ரவரி

முடி அனுப்பிவிட்டேன். அது வரும்வரை ஒரு கேள்வி. வயதான பசு என்பதால் சுலபமாக ஈனவைக்கும் காளையாகப் பார்க்கணும்தானே? ஈனும் சுலபத்தைக் கணிக்கும் சிஇடி எண் 10-க்கு மேல் உள்ளதை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆறாம்ஈத்து · 4 பிப்ரவரி

அந்த வடிகட்டியை எடுத்துவிடுங்கள். சிஇடி, முதல் ஈத்துக் கிடேரிக்காகக் கணித்த எண். உங்கள் பசுக்கள் எட்டு ஒன்பது கன்று போட்டவை, இடுப்பெலும்பு விரிந்தவை. பிறப்பு எடை 85, 90 பவுண்டு கன்றை அவை சிரமமில்லாமல் போடும். ரொம்பச் சுலபமான காளைகளாகப் பார்த்துச் சேர்த்தால் கன்று சின்னதாகப் பிறக்கும், எலும்பு மெலியும், மார்பு அகலம் குறையும். வளையத்தில் நடுவர் முதலில் ஒதுக்குவது இந்தக் குச்சிக்கால் கன்றுகளைத்தான்.

பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷனின் திருத்த அட்டவணையைப் பாருங்கள். 5 முதல் 10 வயதுத் தாய்க்குத் திருத்தம் பூஜ்யம். 11 வயது தாண்டினால் கன்றின் பிறப்பு எடையில் 3 பவுண்டும், பால்மறக்கும் எடையில் காளைக்கன்றுக்கு 20, கிடேரிக்கு 18 பவுண்டும் கூட்டச் சொல்கிறது. வயதான தாயின் கன்று கொஞ்சம் சின்னதாகப் பிறக்கும், பாலும் குறையும் என்பதற்கான ஈடு அது. அதற்கு மேல் நீங்கள் வேறு ஏன் சுருக்கவேண்டும்?

ஊசிமருத்துவர் · 4 பிப்ரவரி, இரவு

இதை முழுதாக ஏற்க முடியவில்லை. இரண்டு காரணம்.

கிடேரிக் கன்று கண்காட்சி முடிந்து வீட்டில் தங்கப் போகிறது. அப்பனின் சிஇடி அதற்கும் இறங்கும். இரண்டு வயதில் அது முதல் கன்று போடும்போது நீங்கள் இப்போது விட்ட கோட்டை அங்கே வந்து நிற்கும்.

அடுத்தது, கிழப்பசுவுக்கு இடுப்பு விரிந்திருக்கும், ஆனால் முக்கும் பலம் குறையும். கருப்பைச் சுருக்கம் தளர்ந்து, தண்ணீர்க்குடம் உடைந்த பிறகும் பாதியிலேயே நிற்கும் பசுக்கள் உண்டு. உடைந்து ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் கை போட்டுப் பார்க்கவேண்டும்.

ஆறாம்ஈத்து · 5 பிப்ரவரி

முதல் காரணத்தை ஏற்கிறேன், நான் யோசிக்காமல் விட்டது. அப்படியானால் இப்படி மாற்றுகிறேன்: கிடேரி எடுக்கும் இரண்டு பசுவுக்கும் சிஇடி இனத்தின் சராசரியில், அல்லது அதற்கு ஒட்டி மேலே. உச்சத்தைத் தேடவேண்டாம். மூன்றாவது பசுவின் கன்று காயடித்து இறைச்சிப் பிரிவுக்குப் போகிறது, அங்கே நேற்று சொன்னதே நிற்கும்.

துல்லியத்தையும் பாருங்கள். எண்ணுக்குக் கீழே சின்னதாக இருக்கும் எண் அது. இளங்காளைக்கு மரபணுச் சோதனை செய்த பிறகும் அது 0.3, 0.4-ல்தான் நிற்கும். நூற்றுக்கணக்கில் கன்று போட்ட காளைக்கு 0.9 தாண்டும். இன்னும் ஓரிரு ஈத்தே மிச்சம் உள்ள பசுவுக்கு, நிலைத்த காளைதான் என் தேர்வு. இளங்காளையைச் சோதித்துப் பார்க்க இளம்பசுக்கள் இருக்கின்றன.

கொட்டகை · 6 பிப்ரவரி

சினை ஊசி போடும் தேதியை யாரும் தொடவில்லை. கண்காட்சிக்கு அது காளை அளவுக்கே முக்கியம்.

வகுப்பு பிரிப்பது பிறந்த தேதியை வைத்து. ஜனவரி 1 முதல் பிறந்தது ஒரு பிரிவு, டிசம்பர் 31-ல் விழுந்தால் அதற்கு மூத்த பிரிவு. ஜனவரி 3-ல் பிறந்த கிடேரி தன் வகுப்பில் மூத்தது, பெரியது. அதே கிடேரி நான்கு நாள் முன்னால் பிறந்தால் தன்னைவிட மூத்த கன்றுகளுக்கு நடுவே சின்னதாக நிற்கும்.

ஆங்கஸ் சினைநாள் சராசரி 279 என்று வைத்தால் மார்ச் 28-ல் போட்ட ஊசி சரியாக ஜனவரி 1-ல் விழும். அதை நம்பி மார்ச் 28-ல் போட்டால் சிக்கல். சுலபமாக ஈனவைக்கும் காளைகள் பலவும் சினைநாளையே நான்கைந்து நாள் குறைப்பதால்தான் கன்று சின்னதாக வருகிறது. அப்படிப்பட்ட காளை என்றால் டிசம்பர் 27. அதனால் ஏப்ரல் 2-க்கு முன் வேண்டாம். ஏப்ரல் 2 என்றால் ஜனவரி 6, முன்கூட்டி ஈனவைக்கும் காளை என்றாலும் ஜனவரி 1 அல்லது 2.

பசு தேறுமா என்றும் பாருங்கள். ஏப்ரல் 2-ல் முதல் பசுவுக்கு ஈன்று 82 நாள், இரண்டாவதுக்கு 70, மூன்றாவதுக்கு 60. மூன்றாவதுதான் இழுபறி.

ஊசிமருத்துவர் · 6 பிப்ரவரி

60 நாள் போதும், சதைப்பிடிப்பைக் காட்டும் உடல்நிலை மதிப்பு 5-க்குக் குறையாமல் இருந்தால். வாயைத் திறந்து பாருங்கள். 11, 12 வயதில் முன்பல் தேய்ந்து கட்டையாகியிருக்கும், சிலது விழுந்திருக்கும். பெரிய உருளை வைக்கோலை முன்னால் போட்டுவிட்டு, தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது மென்று துப்பிக்கொண்டிருக்கும். தண்டு முற்றாத மென்மையான ஆல்ஃபால்ஃபாவை நறுக்கிப் போடுங்கள், கூடவே அரைத்த தீவனம். மூன்றையும் இளம்பசுக்களிடமிருந்து பிரித்துக் கட்டினால்தான் தின்னவே முடியும்.

பருவம் கூட்டும் முறை: மார்ச் 23-ல் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் ஊசி, அதோடு யோனிக்குள் சிடர் என்ற ஹார்மோன் செருகி. மார்ச் 30 மாலை 6 மணிக்குச் சிடரை உருவிவிட்டு புரோஸ்டாகிளாண்டின் ஊசி. 60 முதல் 66 மணி நேரத்தில், அதாவது ஏப்ரல் 2 காலை 6-க்கும் நண்பகலுக்கும் இடையில், சினை ஊசியும் இரண்டாவது ஜிஎன்ஆர்ஹெச்சும். சிடரை உருவும்போது நாற்றமடிக்கும் சீழ் வந்தால் அந்தச் சுற்றில் அந்தப் பசுவுக்கு ஊசி வேண்டாம். சிடரால் வரும் லேசான வெண்ணிறக் கசிவு வேறு, அதற்குப் பயப்படவேண்டியதில்லை.

பின்பக்கத்தையும் கவனியுங்கள். வயதான பசுவுக்கு ஆசனவாய் உள்ளே அமுங்கி, யோனியுதடு படுத்துவிடும். காற்று இழுக்கும், சிறுநீர் உள்ளே தேங்கும், மூன்று தடவை ஊசி போட்டாலும் சினை பிடிக்காது. அதைக் காளையால் சரிசெய்ய முடியாது.

புல்வெளி · 8 பிப்ரவரி

கிடேரிதான் வேண்டும் என்பதால் பாலினம் பிரித்த குச்சி வாங்கலாமா? அல்லது முதல் பசுவில் கருமுட்டை எடுத்து இரவல் பசுக்களில் வைக்கலாமா?

ஊசிமருத்துவர் · 8 பிப்ரவரி

பாலினம் பிரித்த குச்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு சொன்ன பாலினம் வரும். ஆனால் விந்தணு எண்ணிக்கை சாதாரணக் குச்சியைவிடப் பல மடங்கு குறைவு, பிரிக்கும் இயந்திரத்தில் அடிபட்டும் வந்திருக்கும், சினை பிடிப்பது குறையும். நேரம் வைத்துப் போடும் ஊசியில் இன்னும் குறையும். பசுவே பருவத்துக்கு வந்து ஏறவிட்டு நின்றால் போடுங்கள், நிற்காவிட்டால் சாதாரணக் குச்சி.

கருமாற்றத்துக்கு நான்கு நாள், காலை மாலை என்று முட்டைகளைப் பெருக்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் எட்டு ஊசி, குறைந்துகொண்டே வரும் அளவில். பருவம் வந்து 12, 24 மணியில் சினை ஊசி, ஏழாம் நாள் கழுவி எடுப்பது. 13 வயதில் சினைப்பையில் முட்டைப்பைகள் குறைந்துபோயிருக்கும். முதலில் ஸ்கேன் வைத்து எண்ணச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துகூட இல்லை என்றால் பணம் விரயம். எஃப்எஸ்ஹெச் இல்லாமலும் ஊசியால் முட்டையை உறிஞ்சி, ஆய்வகத்தில் கருவாக்கும் வழி உண்டு, கிழப்பசுவுக்கு அது கொஞ்சம் நயமானது.

ஒன்றை மறக்காதீர்கள். கருவை இரவல் கிடேரியில் வைத்தால் ஈனப்போவது அந்தக் கிடேரி. ஆறாம்ஈத்து சொன்ன 90 பவுண்டு கணக்கு அங்கே செல்லாது.

கொட்டகை · 9 பிப்ரவரி

முதல் பசுவின் குணத்துக்கு வருகிறேன். ஈஎக்ஸ்டி 1986-ல் பிறந்த காளை. மகள்களின் மடிக்கும் நீண்ட ஆயுளுக்கும் இன்றைக்கும் பேசப்படுவது, முரட்டுக் குணத்துக்கும் அதே அளவு பேசப்படுவது. உங்கள் பசு அதன் நல்லது கெட்டது இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறது. கண்காட்சியில் கயிறு பிடிப்பது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். சாது குணத்துக்கான டாக் எண் உயரமாக இல்லாத காளையை இந்தப் பசுவுக்குத் தொடவே கூடாது. குணம் நன்றாகவே வழிவழியாக இறங்கும், ஒரே தலைமுறையில் வித்தியாசம் தெரியும்.

நம் ஊரில் மாடு வாங்குகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். அதில் பாதி நம்பிக்கை சார்ந்தது. ஆனால் நெற்றிச் சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் குழுவினரும் 1995-ல் அளந்து எழுதியிருக்கிறார்கள். அடைப்பில் நிறுத்தியபோது, சுழி கண்ணுக்கு மேலே இருந்த மாடுகள் கீழே இருந்தவற்றைவிட அதிகம் துள்ளின. கன்று பிறந்ததும் நெற்றியைப் பாருங்கள். சுழி மேலே இருந்தால் முதல் வாரத்திலேயே கையால் தடவிப் பழக்குவது நல்லது.

ஆறாம்ஈத்து · 9 பிப்ரவரி

சுழியை வைத்துக் கன்றைக் கழிக்காதீர்கள் என்று மட்டும் சேர்க்கிறேன். அது ஒரு சாய்வைக் காட்டும், அவ்வளவுதான்.

ஈஎக்ஸ்டி விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நல்ல தாய்ப்பசு எடுக்கப் போடும் இன்றைய காளைகள் பலவற்றின் வம்சாவளியிலும் அது எங்காவது ஒளிந்திருக்கும். பசுவிடம் ஏற்கெனவே இரண்டு தடவை. அமெரிக்க ஆங்கஸ் சங்கத்தின் தளத்தில் காளை எண்ணையும் பசு எண்ணையும் போட்டு, இரத்த நெருக்கத்தைக் காட்டும் உள்ளினக் குணகம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். அப்பன் மகள் சேர்ந்தால் 25 சதவீதம், ஒரே அப்பனின் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் சேர்ந்தால் 6.25. அந்த 6.25-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம்ஈத்து · 11 பிப்ரவரி

மூன்றாவது பசுவின் உயரத்தைப் பற்றி. பதிவுச் சங்கம் 1883-ல் தொடங்கியதிலிருந்து இந்த இனம் கண்காட்சி வளையத்தால் இரண்டு தடவை கெட்டது. 1950-களில் குட்டை, கட்டை என்று தேடித்தேடிப் பட்டம் கொடுத்தார்கள். இடுப்பு வார் உயரத்துக்குக் காளைகள் நின்றன, கூடவே குள்ளமரபணுவும் பரவியது. அதிலிருந்து பயந்து திரும்பியவர்கள் 1980-களில் சட்டகம் 9, 10 என்று ஒட்டகம் மாதிரி உயர்த்தினார்கள். தீனிக்கு அடங்கவில்லை, கொழுப்பு ஏறவில்லை, சினை தாமதமானது. இரண்டு தடவையும் மேய்ச்சலில் நின்ற சாதாரணப் பசுக்கள்தான் இனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தன. ஸ்காட்லாந்தில் ஹியூ வாட்சனின் ஓல்டு கிரானி 1824-ல் பிறந்து 29 கன்று போட்டு 1859-ல் இடி விழுந்து செத்தது. அந்த இரத்தம் இந்த இனத்தின் அடிவேரில் இருக்கிறது. வயதான பசுவிலிருந்து கன்று எடுப்பது இந்த இனத்துக்கு அந்நியமான காரியம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சட்டகம் 7 பசுவுக்கு 5 முதல் 5.5 காளை போதும். இன்னொரு உயரக் காளை போட்டால் காயடித்த கன்று 16, 17 மாதத்தில் கொழுப்பு ஏறாமல் கண்காட்சிக்குப் பச்சையாகவே போய் நிற்கும்.

புல்வெளி · 12 பிப்ரவரி

அந்தப் பசுவுக்கு மெயின்-ஆஞ்சூ என்ற இனத்தின் கலப்புக் காளை போடச் சொல்கிறார்கள். இறைச்சிப் பிரிவில் அதுதான் ஜெயிக்கிறது என்கிறார்கள். டிஹெச் சுமக்கும் காளை என்று போட்டிருக்கிறது. பயப்படணுமா?

ஊசிமருத்துவர் · 12 பிப்ரவரி

டிஹெச் என்றால் பின்காலில் டிபியா எலும்பு இல்லாமலோ குறைந்தோ, வயிறு திறந்து பிறக்கும் கன்று. பிஹெச்ஏ இன்னும் மோசம். நுரையீரல் உருவாகாமல் உடம்பு முழுக்க நீர் கோத்துக் கன்று வீங்கிவிடும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும், கிழப்பசு தாங்காது. இரண்டும் மெயின்-ஆஞ்சூ, ஷார்ட்ஹார்ன் வழியில் புழங்குபவை.

கலப்பில்லாத ஆங்கஸ் பசு, அதுவும் சோதித்துச் சுத்தம் என்று வந்தால், பாதிக்கப்பட்ட கன்று பிறக்காது. கண்காட்சிக் காயடிப்புக் கன்று எடுப்பவர்கள் ஆங்கஸ் பசுவைத் தேடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கன்றுகளில் பாதி சுமக்கும். ஆண் கன்று இறைச்சிக்குப் போய்விடும், பிரச்சினை அதோடு முடியும். கிடேரியாகப் பிறந்தால்? சோதிக்காமல் வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறையில் உங்கள் கொட்டகையிலேயே வெடிக்கும். அந்தக் காளையைத்தான் போடுவது என்றால் ஆண் பாலினம் பிரித்த குச்சி, இரண்டு சோதனையையும் டிஹெச், பிஹெச்ஏ என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வழக்கமான ஆங்கஸ் தொகுப்பில் அவை இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

கொட்டகை · 13 பிப்ரவரி

இரண்டாவது பசுவின் குளம்பு. சங்கத்தின் மதிப்பு 1 முதல் 9 வரை, 5 நடு. நக அமைப்பில் 1 என்றால் விரிந்து பிளந்தது, 9 என்றால் கத்தரிக்கோல். உங்கள் விவரிப்பில் 7, 8 இருக்கும். கோணம் தனி மதிப்பு, குதிகால் தாழ்ந்து நுனி நீண்டால் 9 பக்கம். இரண்டுக்கும் ஈபிடி, அதாவது கன்றுகளுக்கு இறங்கப்போவதைக் கணிக்கும் எண், உண்டு; எண் குறைந்தால் நல்லது. பாலுக்கு எண் கூடினால் நல்லது என்று பழகிய கண் இங்கே தலைகீழாகப் படித்துவிடும்.

காளையின் சொந்தக் குளம்பை நம்பாதீர்கள். நிறையத் தானியம் தின்று ஒரே ஆண்டில் வளர்த்த காளையின் குளம்பு தீனியால் கெட்டிருக்கலாம், செதுக்கி அழகாக்கியும் இருக்கலாம். மகள்களின் மதிப்புச் சேர்ந்த எண்ணைப் பாருங்கள்.

முடியைப் பற்றி ஒரு வரி. வளையத்தில் அடர்ந்த முடி வேண்டும் என்று பார்ப்பார்கள். மிசூரியில் மேய்ச்சல் பெரும்பாலும் ஃபெஸ்க்யூ புல், பூஞ்சை நஞ்சு உள்ளது. ஜூனில் முடி உதிர்க்காத பசு வெயிலில் குளத்திலேயே நிற்கும், சினை பிடிக்காது. கண்காட்சி முடிந்தபின் கிடேரி அந்தப் புல்லில்தான் வாழப்போகிறது. முடி உதிரும் எண்ணையும் ஒரு கண் பாருங்கள்.

புல்வெளி · 27 பிப்ரவரி

முடிவுகள் வந்துவிட்டன. முதல் பசு எல்லாவற்றிலும் சுத்தம். மூன்றாவதும் சுத்தம், டிஹெச், பிஹெச்ஏ உட்பட. இரண்டாவது ஏஎம் சுத்தம், ஆனால் டிடி சுமக்கிறது.

ஊசிமருத்துவர் · 27 பிப்ரவரி

பிரிசிஷனைப் பற்றி அவ்வளவு பேசினோம், வந்தது வேறு வழி. டிடியில் பாதிக்கப்பட்ட கருக்களில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே அழிந்துவிடும். கூடுதல் கால் கன்று கண்ணில் படாமலே, பசு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது என்று மட்டும் தெரியும். இந்தப் பசு முன்பு எந்த ஆண்டாவது காரணமில்லாமல் காலியாக நின்றிருந்தால் அன்றைய காளையின் பதிவைப் பாருங்கள்.

டிடி சுத்தமான காளை போட்டால் பயமில்லை. கன்றுகளில் பாதி சுமக்கும். பிறந்த அன்றே காதுத் துணுக்கு எடுத்து அனுப்புங்கள், கண்காட்சிக்குப் பழக்கும் முன் தெரிந்துவிடும். சுமக்கும் கிடேரியைக் காட்டலாம், விற்கும்போது வாங்குபவருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும்.

ஆறாம்ஈத்து · 28 பிப்ரவரி

அப்படியானால் நான் போடும் கணக்கு:

முதல் பசுவுக்கு, டாக் உயர்ந்த, ஈஎக்ஸ்டி நெருக்கத்தில் இல்லாத, உருவத்தில் அழகு சேர்க்கும் நிலைத்த காளை. மடியும் குளம்பும் பசுவே கொடுத்துவிடும், அதனால் இங்கேதான் கழுத்து நீளம், தோள் சாய்வு, நடை என்று ஆசைப்படலாம். லூயிவில் காளையின் டாக் சரியாக இருந்தால் அது இங்கே பொருந்தலாம்.

இரண்டாவதுக்கு, நகமும் கோணமும் இரண்டுமே தாழ்ந்த, டிடி சுத்தம் என்று பதிவில் எழுதியுள்ள காளை. உருவம் இரண்டாம்பட்சம், விலாவும் பாலும் ஏற்கெனவே இருக்கின்றன.

மூன்றாவதிலிருந்து கிடேரி வைத்துக்கொள்ளும் ஆசையை விடுங்கள். பருத்த காம்பைக் கன்றால் கவ்வ முடியாது, முதல் ஆறு மணி நேரச் சீம்பாலே போகாமல் போகும். அந்த மடி மகளுக்கு இறங்கவேண்டாம். காயடிப்புக் கன்று மட்டும், பின்னங்கால் மடங்கி நடக்கும் நடுச்சட்டகக் காளை.

புல்வெளி · 1 மார்ச்

லூயிவில் காளையின் டாக் சராசரிக்கும் கீழே. வேறு பார்க்கிறேன்.

ஊசிமருத்துவர் · 1 மார்ச்

நல்லது. ஜனவரியில் மிசூரிக் குளிரில் கன்று விழும்போது காதை முதலில் உலர்த்துங்கள். நுனி உறைந்து உதிர்ந்த காது திரும்ப முளைக்காது, கண்காட்சிக் கன்றுக்கு அது தெரியும் குறை. கிழத்தாய் நக்கிக் காயவைக்கத் தாமதிக்கும்.

கொட்டகை · 1 மார்ச்

குச்சி வந்ததும் அதில் அச்சடித்த காளைப் பதிவெண்ணை இரசீதோடு ஒத்துப் பாருங்கள், தொட்டியில் போடும் முன்பே, நைட்ரஜன் ஆவிக்குள் வைத்தபடி. ஒரே பண்ணைப் பெயரில் எண் மட்டும் மாறும் அண்ணன் தம்பிக் காளைகள் இருக்கும், ஒன்று டிடி சுத்தமாகவும் மற்றது சுமப்பதாகவும் இருக்கலாம்.